தொப்பை போடாமல் தசை ஏற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: வயது 28, உயரம் 173 செ.மீ., எடை 70 கிலோ, தொப்புள் உயரத்தில் வயிற்றுச் சுற்று 88 செ.மீ. ஏழு மாதமாக வாரம் ஆறு நாள் ஜிம், தினமும் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் கையும் நெஞ்சும் அப்படியே இருக்கின்றன, வயிறும் இறங்கவில்லை. 'லீன் மசில்' மட்டும் ஏற என்ன சாப்பிட வேண்டும், எப்படி எடை தூக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தச் சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். 'லீன் மசில்' என்று தனியாக ஒரு தசை கிடையாது. தசை தசைதான். அதன்மேல் கொழுப்பு எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒருவர் கட்டாகவோ ஊதியோ தெரிகிறார். குறைந்த எடையில் 25 ரெப் (ஒருமுறை முழுதாகத் தூக்கி இறக்குவது ஒரு ரெப்; இடைவிடாமல் அடிக்கும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட்) அடித்தால் 'கட்' விழும், அதிக எடை தூக்கினால் உடம்பு பருத்துவிடும் என்று ஜிம்மில் சொல்வார்கள். அப்படியில்லை. தசையை வளரச் சொல்வது பயிற்சி. கொழுப்பு ஏறுவதா இறங்குவதா என்பதைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரி. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து, பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) எத்தனை கிலோ வைத்து எத்தனை ரெப் அடித்தீர்கள்? இப்போது எத்தனை? இதற்கு டக்கென்று பதில் வரவில்லை என்றால், தசை ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆறு நாள் உழைப்பு வீண் போவதற்குச் சோம்பல் காரணமில்லை. அதே எடை, அதே ரெப் என்று உடம்பு ஏற்கெனவே பழகிவிட்ட வேலையையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் காரணம். பழகிய வேலைக்குப் புதிய தசை தேவையில்லை. அதனால் உடம்பு கட்டவும் கட்டாது.

ஒரு தசை வளர முக்கியமான தூண்டுதல் அதன் நார்கள் தாங்கும் இழுவிசை. வியர்வை அளவுகோல் இல்லை. மறுநாள் வலியும் அளவுகோல் இல்லை. பழகாத அசைவு எதைச் செய்தாலும் வலிக்கும். ஒரு செட்டின் கடைசி மூன்று நான்கு ரெப்தான் வேலையின் பெரும்பகுதி. தசை சோர்ந்து, நீங்கள் முழு வேகத்தில் தள்ளினாலும் பார் தானாக மெதுவாகும் கட்டம் அது. அந்தக் கட்டத்தை எட்டும் முன்பே, 'பத்து ஆகிவிட்டது' என்று கீழே வைத்துவிடும் செட், வார்ம்-அப் செட் மாதிரிதான். எனவே ஒவ்வொரு வேலை செட்டையும் (வார்ம்-அப் அல்லாத உண்மையான செட்) இன்னும் ஒன்று, மிஞ்சினால் மூன்று ரெப் மட்டுமே அடிக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். புதியவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் தப்பாகப் போடுவார்கள். 'இன்னும் இரண்டுதான்' என்று நினைக்கும்போது உண்மையில் ஐந்தாறு மிச்சம் இருக்கும். லெக் எக்ஸ்டென்ஷன், கேபிள் கர்ல் போன்ற ஆபத்தில்லாத மெஷின்களில் மாதம் ஒருமுறை, ஒரு ரெப்கூட எழாத வரை போய்ப் பாருங்கள். உங்கள் எல்லை எங்கே என்று அப்போதுதான் பிடிபடும். ஸ்குவாட்டிலும் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) பெஞ்சிலும் அந்தச் சோதனை வேண்டாம்.

ரெப் எண்ணிக்கையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எல்லைக்கு அருகில் போகும் வரை, 5 ரெப்பிலும் தசை வளரும், 30 ரெப்பிலும் வளரும். 30 ரெப் ஸ்குவாட்டில் தொடை சோர்வதற்கு முன் மூச்சு வாங்கிவிடும். எப்போதும் 5 ரெப் என்றால் மூட்டுகளுக்குச் சுமை கூடும். பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் பெரிய பயிற்சிகளுக்கு 6 முதல் 10, ஒரு மூட்டு மட்டும் இயங்கும் சின்னப் பயிற்சிகளுக்கு 10 முதல் 20 என்று வைத்துக்கொள்வது அதனால்தான்.

ஆறு நாளை நான்காகக் குறையுங்கள். 'திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு' என்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு தசையைப் போட்டு நசுக்கும் முறையைவிட, அதே செட்டுகளை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வது உங்கள் நிலைக்குப் பொருத்தம். ஒரே நாளில் நெஞ்சுக்கு 16 செட் போட்டால் கடைசி எட்டு செட்டின் தரம் சரிந்துவிடும். கீழே உள்ளது போதுமானது. வார்ம்-அப் செட்டுகள் இதில் சேராது.

மேலுடல் 1: பெஞ்ச் பிரஸ் 4 செட், 6–8 ரெப். பார்பெல் ரோ 3 செட், 8–10. டம்பெல் ஷோல்டர் பிரஸ் 3 செட், 8–10. லாட் புல்டவுன் 3 செட், 10–12. பைசெப்ஸ் கர்ல் 2 செட், 10–15.

கீழுடல் 1: ஸ்குவாட் 4 செட், 6–8. ரொமேனியன் டெட்லிஃப்ட் 3 செட், 8–10. லெக் எக்ஸ்டென்ஷன் 2 செட், 12–15. காஃப் ரெய்ஸ் 3 செட், 10–15.

மேலுடல் 2: இன்க்லைன் டம்பெல் பிரஸ் 4 செட், 8–12. புல்-அப் 3 செட் (முடியாவிட்டால் புல்டவுன்). சீட்டட் கேபிள் ரோ 3 செட், 10–12. லேட்டரல் ரெய்ஸ் 3 செட், 12–20. டிரைசெப்ஸ் புஷ்டவுன் 2 செட், 10–15.

கீழுடல் 2: டெட்லிஃப்ட் 3 செட், 5. லெக் பிரஸ் 3 செட், 10–12. லெக் கர்ல் 3 செட், 10–15. காஃப் ரெய்ஸ் 3 செட்.

இதில் நெஞ்சுக்கு வாரம் 8 செட், முதுகுக்கு 12, முன் தொடைக்கும் பின் தொடைக்கும் ஒன்பது ஒன்பது வருகிறது. பொதுவாக ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 செட் என்று சொல்லப்படுகிறது. உங்கள் செட்டுகள் உண்மையிலேயே எல்லைக்கு அருகில் போனால் தொடக்கத்தில் இதுவே தாராளம். இரண்டு மாதத்துக்குப் பிறகு, நன்றாக ஆறுகிற, ஆனால் வளர மறுக்கிற தசைக்கு மட்டும் வாரம் இரண்டு செட் கூட்டுங்கள். கைக்குக் குறைவாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். பிரஸ் எல்லாம் டிரைசெப்ஸுக்கும், ரோவும் புல்டவுனும் பைசெப்ஸுக்கும் வேலை கொடுக்கின்றன.

பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். சின்னதில் ஒன்றரை நிமிடம் போதும். 45 நொடியில் அடுத்த செட்டுக்குத் தாவினால் சூடு ஏறுமே தவிர, 8 அடித்த இடத்தில் 5தான் வரும். அந்த மூன்று ரெப் இழப்புதான் தசைக்கு நஷ்டம்.

இனி எடையைக் கூட்டும் கணக்கு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் டாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் கால் தசையை மீட்க, எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் கையாண்டு, 1945-ல் அதைப் பற்றி எழுதினார். இன்று எல்லோரும் சொல்லும் '3 செட், 10 ரெப்' பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1948-ல் அவரும் சக மருத்துவர் வாட்கின்ஸும் வகுத்த வடிவத்தில் மூன்று செட்டும் ஒரே எடையில்லை: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழு எடை. பலம் கூடக் கூட அந்த எடையும் ஏறும். காலப்போக்கில் '3, 10' என்ற எண்கள் மட்டும் ஜிம் சுவரில் நின்றுவிட்டன. எடை ஏற வேண்டும் என்பது மறந்துபோனது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு 6–8 என்ற வரம்பு இருக்கிறது. முதல் நாள் 45 கிலோவில் 8, 7, 7, 6 வந்தது என்று எழுதுகிறீர்கள். அடுத்த வாரம் அதே 45 கிலோவில் 8, 8, 7, 7. மூன்றாவது வாரம் 8, 8, 8, 7. நான்காவது வாரம் நான்கு செட்டிலும் 8 வந்துவிட்டால், அடுத்த முறை 47.5 கிலோ, ரெப் மீண்டும் 7, 6, 6, 6 என்று இறங்கும். அது தோல்வியில்லை, அடுத்த படியின் தொடக்கம். செட்டுக்குப் போகும் முன் போன வார வரியைப் பார்த்துவிட்டு, 'இன்று ஒரே ஒரு ரெப் கூடுதல்' என்று குறி வைத்துப் படுங்கள். பொதுவான பார் 20 கிலோ. பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு போட்டால்தான் 2.5 கிலோ கூடும். உங்கள் ஜிம்மில் அந்தச் சின்னத் தட்டு இல்லையென்றால் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ தாண்டிக் குதிக்க முயன்றுதான் பலர் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் எண் ஏற வேண்டும் என்ற ஆசையில் அசைவைச் சுருக்கிவிடக் கூடாது. ஸ்குவாட்டில் கால்வாசி இறங்கி 100 கிலோ எழுதுவதைவிட, தொடை தரைக்கு இணையாகும் வரை இறங்கி 60 கிலோ எழுதுவது மேல். தசை நீண்ட நிலையில் சுமை தாங்கும்போது கிடைக்கும் தூண்டுதல் அதிகம்; அரைகுறை ரெப் முதலில் வெட்டிவிடுவதே அந்தப் பகுதியைத்தான்.

பெஞ்ச் பிரஸ்ஸைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் 'நெஞ்சு ஏறவில்லை, தோள்தான் வலிக்கிறது' என்று சொல்லும் பலரிடமும் ஒரே தவறுகள்தான். பெஞ்சில் படுக்கும்போது கண் பாருக்கு நேர் கீழே இருக்கட்டும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து, கீழே, இடுப்புப் பக்கம் இழுத்து, அப்படியே பெஞ்சில் அழுத்திக்கொள்ளுங்கள். செட் முடியும் வரை அது விலகக் கூடாது. விலகினால் தோள் முன்னே உருண்டு, நெஞ்சின் வேலையைத் தோளின் முன்பகுதி பிடுங்கிக்கொள்ளும். பாதம் முழுதும் தரையில். பாரைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பூட்டுங்கள். கட்டைவிரல் பூட்டாத பிடியில் பார் நழுவினால் நேராகக் கழுத்திலோ நெஞ்சிலோ விழும். பார் உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். விரல் பக்கம் போனால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். இறக்கும்போது முழங்கை உடம்போடு 45 முதல் 70 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டு பக்கமும் சிலுவை போல விரிந்தால் தோள் மூட்டு நெருக்கப்படும். பார் தொட வேண்டிய இடம் கழுத்தெலும்பு அல்ல, நெஞ்சின் கீழ்ப்பகுதி. இரண்டு நொடியில் இறக்கி, துள்ள விடாமல் தொட்டு, வேகமாகத் தள்ளுங்கள். தள்ளும்போது பார் சற்றே முகத்தின் பக்கம் சாய்ந்து தோளுக்கு நேராக முடியும். தனியாகச் செய்வதாக இருந்தால் பவர் ராக்கில் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டகம்), நெஞ்சுக்கு ஓரங்குலம் கீழே பாதுகாப்புக் கம்பியை வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் பார் எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே பயணிக்கிறதா என்று மட்டும் பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பிழை அதிலேயே தெரிந்துவிடும். இறங்கும் முன் வயிறு முழுக்க மூச்சிழுத்து, யாரோ வயிற்றில் குத்தப் போகிறார்கள் என்பது போல இறுக்கிக்கொள்ள வேண்டும். உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், இதயக் கோளாறு உள்ளவர்கள் இப்படி மூச்சைப் பிடித்து எடை தூக்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வார்ம்-அப் சுருக்கமாக இருக்கட்டும். வேலை எடை 60 கிலோ என்றால் வெறும் பாரில் 10, 30 கிலோவில் 5, 42.5-ல் 3, 50-ல் ஒன்று. அதற்கு மேல் வார்ம்-அப்பில் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது இரண்டு வாரம் தொடர்ந்து எண்கள் இறங்கினால், ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள்.

அடுத்து சாப்பாடு. மிஃப்லின் சமன்பாட்டின்படி ஆண்களுக்கு, எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, 5 கூட்டினால் ஓய்வு நிலைக் கலோரி வரும். (பெண்களுக்குக் கடைசியில் 5 கூட்டுவதற்குப் பதில் 161 கழிக்க வேண்டும். மற்றபடி இந்தப் பதிலில் உள்ள பயிற்சி முறை பெண்களுக்கும் அப்படியே பொருந்தும். டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் எதிர்பாராமல் பருத்துவிடும் பயம் வேண்டாம்.) உங்களுக்கு 700 + 1,081 − 140 + 5, அதாவது ஏறக்குறைய 1,650. நான்கு நாள் எடைப் பயிற்சியும் உட்கார்ந்த வேலையும் என்றால் 1.5-ஆல் பெருக்கலாம்: சுமார் 2,450. எடை கூடாமலும் குறையாமலும் நிற்கும் அளவு இது. இது ஒரு ஊகம்தான். அதைத் திருத்துவது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

வயிற்றுச் சுற்று உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு அந்தப் பாதி 86.5 செ.மீ.; உங்கள் வயிறு அதைத் தாண்டியிருக்கிறது. இந்த நிலையில் 'பல்க்' (அதிகம் சாப்பிட்டு எடை ஏற்றுவது) ஆரம்பித்தால் தொப்பைதான் முதலில் ஏறும். அதே சமயம், பட்டினி கிடக்கவும் தேவையில்லை. சரியான பயிற்சியில் நீங்கள் இன்னும் புதியவர்தான். இதுவரை சரியான தூண்டுதல் கிடைக்காத உடம்பில், அது கிடைக்கத் தொடங்கியதும், கலோரி சற்றுக் குறைவாக இருக்கும்போதும் தசை ஏறும், கொழுப்பு இறங்கும். எனவே முதல் 12 வாரம் 2,250 கலோரி. வயிறு 84 செ.மீ. பக்கம் வந்த பிறகு 2,650-க்குப் போகலாம். ஒரேயடியாக 1,500-க்கு இறக்கினால் பாரில் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் இந்த முயற்சிக்கே அர்த்தமில்லை.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1.6 கிராம் என்ற எண்ணுக்குப் பின்னால் உறுதியான ஆதாரம் உண்டு. 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், சராசரியாக அந்த அளவுக்கு மேல் கூடுதல் புரதத்தால் தசை வளர்ச்சியில் பலன் தெரியவில்லை. தனிமனித வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தால் 2.2 வரை போகலாம். கலோரி குறைக்கும் காலத்தில் சற்று மேலே இருப்பது நல்லது. உங்களுக்கு 125 முதல் 130 கிராம். கொழுப்பு 60 கிராம். இதை 40-க்குக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டாம், ஹார்மோன்களுக்கு அது தேவை. புரதம் 520 கலோரி, கொழுப்பு 540. மிச்சம் இருக்கும் 1,190 கலோரி மாவுச்சத்து, அதாவது சுமார் 300 கிராம். மாவுச்சத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். கனமான ஸ்குவாட் செட்டுக்கு எரிபொருள் அதுதான். 2,650-க்குப் போகும்போது கூட்ட வேண்டியதும் அதைத்தான்.

130 கிராம் என்பது தட்டில் எப்படி இருக்கும்? காலையில் மூன்று முட்டை, 300 மி.லி. பால், 50 கிராம் ஓட்ஸ் சேர்ந்தால் 34 கிராம் வந்துவிடும். மதியம் பச்சை எடையில் 130 கிராம் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 30 கிராம், 80 கிராம் அரிசிச் சோறு 5 கிராம். மாலையில் வே பவுடர் (பால் புரதப் பொடி) ஒரு ஸ்கூப், 24 கிராம். இரவு 120 கிராம் மீனும் சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ சேர்ந்து 30. மீதி காய்கறி, தயிர், ஒரு பிடி கடலையில் வந்துவிடும். சைவமாக இருந்தால் 50 கிராம் சோயா துண்டு 26 கிராம், உலர்ந்த நிலையில் 100 கிராம் பருப்பு அல்லது பயறு 24, அரை லிட்டர் பால் 16, 300 கிராம் தயிர் 11, தானியங்களிலிருந்து 20 சொச்சம், வே ஒரு ஸ்கூப். கடலையையும் கடலை வெண்ணெயையும் புரத உணவாக எண்ணி அள்ளிச் சாப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது, உண்மைதான். அதோடு 49 கிராம் கொழுப்பும் 560-க்கு மேல் கலோரியும் வருகிறது.

இந்த அளவை நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 30 கிராம் சுற்றி வருமாறு பார்த்துக்கொண்டால் போதும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பது மிகைப்படுத்தல். முன்னும் பின்னுமாக ஐந்தாறு மணி நேரத்துக்குள் இரண்டு வேளைச் சாப்பாடு விழுந்தால் சரி. பச்சை முட்டையைக் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் செரிக்கிறது; பச்சையாகக் குடித்தால் பாதி அளவுதான். கிருமி அபாயம் வேறு.

கணக்கு தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, பச்சை எடையும் வெந்த எடையும். 100 கிராம் பச்சைக் கோழி வெந்ததும் 70–75 கிராமாகச் சுருங்கும். 100 கிராம் அரிசி வெந்ததும் 280–300 கிராமாகப் பெருகும். அட்டவணையில் பச்சை எடைக்கு உள்ள எண்ணை வெந்த சோற்றுக்குப் போட்டால் கலோரி மூன்று மடங்கு மாறிவிடும். எல்லாவற்றையும் சமைக்கும் முன் நிறுப்பது எளிது. இரண்டாவது, எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கண்ணளவில் ஊற்றும்போது இரண்டு கரண்டி கூடுவது தெரியவே தெரியாது, ஆனால் நாளைக்கு 240 கலோரி என்றால் உங்கள் பற்றாக்குறை முழுவதும் போய்விடும். வாழ்நாள் முழுக்க நிறுக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி மூன்று வாரம் நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே பழகிவிடும்.

பவுடர்களில் வே என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவுதான். சாப்பாட்டிலேயே 130 கிராம் வந்தால் தேவையில்லை. தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் வாங்கத் தகுந்தது: தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமும், ஓய்வு நாளிலும். மூன்று நான்கு வாரத்தில் தசையில் கிரியேட்டின் நிறையும். தசைக்குள் நீர் சேர்வதால் தராசில் ஒரு கிலோ வரை கூடலாம். கொழுப்பு என்று பயப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தைக் கணிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் எண்ணும் சற்று உயர்ந்து தெரியலாம், அதனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அதிகப் புரதத்தையும் கிரியேட்டினையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிசிஏஏ (அமினோ அமிலப் பொடி), 'டெஸ்டோ பூஸ்டர்', 'ஃபேட் பர்னர்' எல்லாவற்றையும் விட்டுவிடலாம். 'மூன்று மாத கோர்ஸ்' என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். நின்றது பழையபடி திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இதயத்துக்கு நேரும் சேதம் கண்ணாடியில் தெரியாது.

தூக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதிக எடை கொண்ட 10 பேரைக் குறைந்த கலோரி உணவில் 14 நாள் எட்டரை மணி நேரமும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் எட்டரை மணி நேரத்தில் கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, ஐந்தரை மணி நேரத்தில் 0.6 மட்டுமே, மிச்ச இழப்பு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது. ஆறு நாளை நான்காக்கி மிச்சமாகும் நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். மதுவும் அப்படித்தான்: பயிற்சிக்குப் பின் அதிகமாகக் குடித்தால், கூடவே புரதம் சாப்பிட்டாலும் தசைப் புரத உற்பத்தி கணிசமாகக் குறைகிறது.

நடையோ சைக்கிளோ வாரம் இரண்டு மூன்று முறை, 25 நிமிடம், இதயத்துக்காகச் செய்யுங்கள். ஸ்குவாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். நூறு கிரஞ்சஸ் அடித்தால் வயிற்றுக் கொழுப்பு கரையாது. தசையை இயக்கும் இடத்திலேயே கொழுப்பு எரிவதில்லை. எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது, வயிறு பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் வரும்.

இனி அளப்பது. தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ ஆட்டிவிடும். ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரம் ஒருமுறை, சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் டேப் பிடியுங்கள். இந்த இரண்டு எண்ணையும் பயிற்சி நோட்டிலேயே எழுதுங்கள், ஏனென்றால் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாரில் எடை ஏறுகிறது, டேப் இறங்குகிறது, தராசு நகரவே இல்லை என்றால் எதையும் மாற்றாதீர்கள். கொழுப்பு போன இடத்தில் தசை வந்துகொண்டிருக்கிறது. மூன்று வாரமாக டேப்பும் தராசும் இரண்டும் அசையவில்லை என்றால் உண்மையில் 2,450-தான் சாப்பிடுகிறீர்கள், அல்லது உங்கள் தேவை குறைவு. எப்படியானாலும் 150 கலோரி குறையுங்கள். தராசு வாரம் 700 கிராமுக்கு மேல் சரிந்து, பாரிலும் ரெப் குறைந்தால் 200 கூட்டுங்கள்.

2,650-க்குப் போன பிறகு குறி, வாரம் 150 முதல் 250 கிராம் ஏற்றம். சரியாகச் செய்கிற புதியவருக்குக்கூட மாதம் அரை கிலோ முதல் ஒரு கிலோ தசைதான் ஏறும், அதுவும் முதல் வருடத்தில். மாதம் இரண்டு கிலோ ஏறினால் மீதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாவுச்சத்தில் 40 கிராம் வெட்டுங்கள். வயிறு மீண்டும் 87-ஐத் தொட்டால் நான்கைந்து வாரம் 2,150-க்கு இறங்கி, பாரில் இருக்கும் எடையைக் குறைக்காமல் தாக்குப்பிடித்து, திரும்பவும் 2,650-க்கு ஏறுங்கள்.